தலைகீழாகப் பறக்க ஒரு டேங்க்

ஹீத்ரோவில் என் பெட்டி வரவில்லை. சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு இறங்கினேன். ஒன்பது பத்துவரை சுழலும் பட்டையின் ஓரத்தில் நின்றேன். கடைசியில் யாரோ மறந்துவிட்ட குழந்தை வண்டி ஒன்று மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முகவரி எழுதி வாங்கிய பெண், "நாளை வரும், அல்லது நாளை மறுநாள்" என்றாள், மழையைப் பற்றிச் சொல்வதுபோல. என் கைப்பையில் மிஞ்சியவை: குறிப்பேடு, பல் துலக்கும் பிரஷ், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், உறைக்குள் மடித்து வைத்த சோதனைத் தாள்.

அந்தத் தாளுக்காகத்தான் வந்திருந்தேன். கோயம்புத்தூரில் எனக்கு டீசல் பம்ப் பட்டறை. லாரிகளின் பம்ப்பைக் கழற்றி, சொட்டுச் சொட்டாக அளந்து, சரி செய்து கொடுப்பது இருபத்தாறு வருட வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்த தவராசா என்னிடம் வேலை கேட்டார். கைவேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். இரண்டு வருடத்தில் என் தங்கை சுமதியைக் கட்டிக்கொண்டார். பிறகு டென்மார்க், அங்கிருந்து லண்டன். இப்போது கார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வீடு ஹரோவில். ஆறு வருடமாக ஓய்ந்த நேரமெல்லாம் ஒரு விமானம் கட்டினார்.

விமானம் ஏற்கெனவே பறக்கிறது. நகரத்துக்கு வெளியே ஒரு புல் ஓடுபாதையில் நிற்கிறது. இனிமேல் அது தலைகீழாகவும் பறக்க வேண்டும். அதற்காகப் புதிய பெட்ரோல் டேங்க் ஒன்று செய்திருந்தார். அதற்குள் இருக்கும் பித்தளைத் துண்டைச் செய்தவன் நான். செய்தவர் கையெழுத்திட்ட சோதனைத் தாள் வேண்டும் என்று விமானத்துக்கு அனுமதி எழுதும் பரிசோதகர் கேட்டிருந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம். "நீங்களே கொண்டு வாங்கோ மச்சான். நான் கவிழ்ந்து பறக்கிறதை நீங்கள் கீழ நிண்டு பாக்கவேணும்" என்றார்.

வார இறுதி என்பதால் மெட்ரோபாலிட்டன் பாதையில் வேலை நடந்தது. ரயிலுக்குப் பதில் பேருந்து. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் நடத்துநர் தோளைத் தள்ளியாவது சரியான இடத்தில் இறக்கிவிடுவார். இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓட்டுநர் என் கேள்விக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். அதை நான் "இதுதான்" என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை மைல் தாண்டி இறங்கித் திரும்ப நடந்தேன். வீட்டு வாசலில் சுமதி, "ஏண்ணா, ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள். உள்ளே திரும்பிக் கணவரிடம், "ஓம், அண்ணா வந்திட்டார்" என்றாள். இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் அவள் ஊர் மாறிவிட்டது.

ஞாயிறு காலை குரக்கன் புட்டும் மீன் குழம்பும். எனக்கு வெள்ளைப் புட்டு. தவராசாவின் தட்டில் மட்டும் கறுப்பு; குரக்கன் என்பது எங்கள் ஊர்க் கேழ்வரகு. அருகே மூன்று மாத்திரைகள் வரிசையாக இருந்தன. எண்ணுவது என் பழக்கம். சுமதி அதைக் கவனித்தாள். அவர் கை கழுவப் போனதும் சொன்னாள்.

"சர்க்கரைக்கு மாத்திரை கேக்கலைங்ணா இப்ப. அடுத்த மாசம் ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசி போட ஆரம்பிச்சா பறக்கற லைசென்ஸ் போயிடும். இந்த மாசம் முடியற வரைக்கும்தான்."

அந்த மாதத்தில் பதினோரு நாள் மிச்சம் இருந்தது.

சாப்பிட்டபின் தவராசா புல்வெட்டும் இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றினார். கேன் காலியான பிறகும் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார். சொட்டு விழும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலாக, "அது காலி, ராஜ்" என்றார். "இல்லை, இன்னும் இரண்டு இருக்கிறது" என்றார் இவர். இரண்டு விழுந்தன. பிறகுதான் மூடியைத் திருகினார்.

விமானம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. வீட்டில் கட்டிய விமானத்தைக் கவிழ்த்து ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு முதல் தலைவலி பெட்ரோல். பழைய ஸ்கூட்டரில் இருப்பதுபோல மிதவை வைத்த கார்புரேட்டர் மலிவு, எளிது. ஆனால் விமானம் கவிழ்ந்தால் மிதவையும் கவிழும். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நிற்கும். உடம்பு எப்போதும் இருக்கையில் அழுந்தியிருக்கும்படி மென்மையாகச் சுழல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இன்ஜெக்‌ஷன் வைத்தால் எஞ்சினுக்கு மேல் கீழ் கிடையாது. பம்ப் அழுத்திக் கொடுத்தால் போதும். அப்போது தலைவலி டேங்க்குக்கு இடம் மாறுகிறது. கவிழ்ந்த டேங்க்கில் பெட்ரோல் மேல்தட்டுக்குப் போய்விடும். உறிஞ்சும் குழாய் அடியிலேயே நின்றால் காற்றைத்தான் குடிக்கும். அதனால் வளையும் குழாய் ஒன்றைப் போட்டு, அதன் வாயில் ஒரு எடையைக் கட்டுவார்கள். பெட்ரோல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எடையும் விழும். அந்த எடைதான் நான் கடைந்து அனுப்பிய பித்தளைக் குண்டு. "வெளியில போறப்ப குண்டுனு சொல்லாதீங்கண்ணா" என்று சுமதி முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

"கார்புரேட்டரோட சமாளிச்சிருக்கலாமே மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதோட நான் பட்டது காணும் மச்சான். அரசாங்கம் தடை போட்ட நேரம் யாழ்ப்பாணத்துக்குள்ள ஒரு சொட்டு பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினம். ஸ்டார்ட் பண்ண மட்டும் ஊசியால நாலு துளி பெற்றோல் கார்புரேட்டருக்க அடிக்கிறது. நாலுக்கு ஐஞ்சு அடிச்சால் அம்மா ஏசுவா. ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனான், ஒரு தேக்கரண்டியில." சிரித்தார். "அதுக்குப் பிறகு எனக்கு மிதவையைக் கண்டாலே விசர்."

சமையலறை வானொலியில் வன்னிப் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எந்த லொறியும் போகவில்லை என்றார்கள். அவர் எழுந்துபோய் ஒலியைக் குறைத்துவிட்டு வந்தார், அணைக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போனார், சுமதி பள்ளிச் சமையலறை ஷிப்டுக்குப் போனாள். என் பெட்டி பதினொன்று இருபதுக்கு வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டை ஒட்டிய கராஜில் புதிய டேங்க் இரண்டு முக்காலிகள்மேல் இருந்தது. அலுமினியம், தலையணை அளவு. எல்லாப் பக்கமும் பற்றவைத்து மூடப்பட்டது. இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் காணாதது. பின்சுவரில் குழாய் வெளியே வரும் துளை பத்தொன்பது மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் என் குண்டு முப்பத்திரண்டு. அதாவது டேங்க்கை வெட்டாமல் குண்டை வெளியே எடுக்க முடியாது.

நான் செய்ததை நானே கேட்டுப் பார்க்கும் ஆசை. டேங்க்கை இரு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன். டொக். நிமிர்த்தினேன். டொக். நல்ல ஓசை. ஊரில் தட்டையான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இருநூறு முறை திருப்பி, இருநூறு முறையும் விழுந்தது என்று தாளில் எழுதியிருந்தேன். எண்ணிக்கொண்டே திருப்பினேன். பத்து. இருபது. முப்பது. முப்பத்தொன்றாவது முறை கவிழ்த்தபோது ஓசை வரவில்லை.

டேங்க்கை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் குப்பை லாரி பின்னுக்கு வரும் ஊதல் கேட்டது. மெல்ல ஆட்டினேன். ஓசை இல்லை. ஓங்கி ஒரு தட்டுத் தட்டியபின் டொக்.

அடித்தட்டை விரலால் தடவினேன். வெளியே ஒரு சிறு கிண்ணம்போலப் புடைத்திருந்தது. உள்ளே அது ஒரு குழி. குழாயை ஒரு பக்கம் ஒதுக்கி, டார்ச்சைத் துளையில் வைத்துப் பார்த்தேன். நாற்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான அகலம், இருபது ஆழம். குண்டு அதற்குள் உட்கார்ந்திருந்தது. நேராகக் கவிழ்த்தால் வெளியே விழுகிறது. ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தால், கோணலாக இழுத்த மேசை இழுப்பறைபோலக் குழியின் விளிம்பில் சிக்கிக்கொள்கிறது. எனக்கு அனுப்பிய வரைபடத்தில் இந்தக் குழி இல்லை. வரைபடத்தை இரண்டு முறை பார்த்தேன். மாலை நான்குவரை திருப்பினேன். இருநூற்றிருபத்தொரு முறை. ஒன்பது முறை விழவில்லை.

முதலில் சுமதியிடம்தான் சொன்னேன். அவள் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"எத்தனை தடவைல?"

"இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

"அப்ப இருபத்துநாலு தடவை சரியாத்தானே இருக்கு?"

"சுமதி, ஒரு தடவை கவுந்து பறந்தாலே..."

"எனக்குக் கணக்குச் சொல்லாதீங்கண்ணா. ஆறு வருஷம் என் முன்ரூம்ல இறக்கை கிடந்துச்சு. விருந்தாளி வந்தா இறக்கைக்கு அடியில பாய் போட்டேன். அவரு பறக்கட்டும்னுதான் போட்டேன். நீங்க வந்து அதைக் கெடுத்துடாதீங்க."

நான் சொல்லவில்லை, அன்று. செவ்வாய் மாலை சொன்னேன். தவராசா டேங்க்கை வாங்கி மடியில் வைத்துப் பன்னிரண்டு முறை திருப்பினார். பன்னிரண்டாவது சிக்கியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் ஆட்டினார்.

"அந்தக் குழி எதுக்கு மாப்பிள்ளை?"

"எது?" என்றார். உண்மையிலேயே புரியவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து அடித்தட்டில் வைத்தேன்.

"இதுவோ? இது இல்லாட்டி அடியில ஒரு சிரட்டை பெற்றோல் மிஞ்சுமே மச்சான். எடுக்க ஏலாது."

"மிஞ்சட்டுமே. எல்லா விமானத்திலும் கொஞ்சம் மிஞ்சும். வரைபடத்திலும் குழி இல்லையே."

"வரைபடத்தில ஏன் போடுவான்? பெற்றோல் தாங்கி எண்டால் குழி இருக்கும்தானே."

வீடு என்றால் கதவு இருக்கும் என்பதுபோலச் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகு அவர் வாதாடினார். தெரியாமல் பேசவில்லை; அதுதான் எனக்குக் கஷ்டம். "எஞ்சின் நிண்டால் என்ன? நான் மூவாயிரம் அடியில நிப்பன். திருப்பி நிமிர்த்தினால் குண்டு குழிக்குள்ளதானே கிடக்கு, பெற்றோல் வரும். திரும்பப் பிடிக்கும்."

"நின்னது உங்களுக்குத் தெரியறதுக்கு ரெண்டு செகண்ட். நிமிர்த்த மூணு. காத்தாடி சுத்தறதும் நின்னுட்டா?"

"நிண்டால் நிண்டதுதான்" என்றார். பிறகு, "அந்தோனி அண்ணையைக் கேட்டுப் பாப்பம். அவர் வெட்டி ஒட்டித் தருவார்."

அந்தோனி மன்னார்க்காரர். டேங்க்கைப் பற்றவைத்தவர் அவர்தான். பட்டறை பிளேஸ்டோவில். புதன்கிழமை காலை வேனின் கிளட்ச் போய்விட்டது. கார் பழுது பார்ப்பவரின் சொந்த வண்டிக்கு எங்கும் கடைசி முறைதான். டேங்க்கைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி ரயிலில் எடுத்துப் போனோம்.

நடுத்தர வயதுப் பழுப்பு மனிதர் இருவர், விரிப்பில் சுற்றிய உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளும் குழாய். நான் இதையெல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். வழியில் ரயில் மாறும் நிலையத்தில் ஒரு காவல்துறைப் பெண் எங்கள் முன்னால் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது.

"இது என்ன என்று சொல்ல முடியுமா, சார்?"

"விமானத்தின் பெட்ரோல் டேங்க்" என்றார் தவராசா, பெருமையாக.

அவள் இன்னொருவரை அழைத்தாள். சுவரோரம் நிறுத்தப்பட்டோம். நான் பாஸ்போர்ட்டைத் தேடினேன். தவராசாவோ விரிப்பை அவிழ்த்து, தம் முழங்கையையே வளையும் குழாயாக்கி, முஷ்டியைக் குண்டாக்கி, விமானம் கவிழும்போது அது எப்படி விழும் என்று நடித்துக் காட்டினார். தமிழ் அம்மா ஒருவர் காய்கறிப் பையோடு நின்று பார்த்துவிட்டு, "கூத்தோ?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பெண் தானே டேங்க்கைத் தூக்கிக் கவிழ்த்தாள். டொக்.

"அது அப்படித்தான் சத்தம் போட வேண்டுமா?"

"ஆமாம்" என்றார் அவர். "எப்போதும்."

அவள் முதன்முறையாகச் சிரித்தாள். பத்திரமாகப் பறக்கச் சொன்னாள். இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது.

பிளேஸ்டோவில் அந்தோனி எங்களுக்குக் கோப்பை நிறையத் தேத்தண்ணியும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் தந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பங்குத் திருவிழாவுக்கு அவர் பற்றவைத்துக்கொண்டிருந்த விளக்குத் தண்டு. டேங்க்கைத் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார்.

"உவன்தான் சொன்னவன், ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது எண்டு" என்றார் என்னிடம். "நானும் சரியெண்டுதான் செய்தனான். எங்களுக்கு வேற மாதிரி யோசிக்கத் தெரியாது தம்பி. இப்பவும் நான் லைட்டரை எறியமாட்டன், காஸ் முடிஞ்சாலும்."

"வெட்டித் திரும்ப ஒட்ட எத்தனை நாள் அண்ணை?" என்றார் தவராசா.

"வெட்ட ஒரு மணித்தியாலம். குழியை எடுத்துத் தட்டையாப் போட ஒரு நாள். ஆனா திறந்தபடி பரிசோதகர் பாக்கவேணும், மூடினாப் பிறகும் பாக்கவேணும், காத்தடிச்சு ஒழுக்குப் பாக்கவேணும். அந்தாள் எப்ப வருவார்?"

"வெள்ளிக்கிழமை. அதோட விடுமுறை. மூண்டு கிழமை கழிச்சுத்தான்."

"அப்ப மூண்டு கிழமை" என்றார் அந்தோனி. கிழமை என்றால் அவர்களுக்கு வாரம்.

"எனக்குப் பதினொரு நாள்தான்... இல்லை, எட்டு."

அந்தோனி ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சர்க்கரைக்காரர் என்று நினைவு வந்தது போலும், திரும்ப இழுத்துக்கொண்டார். "வேற பரிசோதகர்?"

"இவ்வளவு காலமும் ஒவ்வொரு ஆணியும் பாத்தவர் இவர். புது ஆள் முதல்ல இருந்து பாக்கவேணும் எண்டுவார்."

அந்தோனி தன் தொழிலாளியிடம் ஏதோ கேட்பதற்காக எழுந்து உள்ளே போனார். கேட்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே யாரும் இல்லை.

வியாழன் நாள் முழுக்கத் தூறல். தவராசா கிளட்ச்சை மாற்றினார். மதியம் சுமதி அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். எனக்குப் பிடிக்கும் என்றுதான் செய்தாள். பிற்பகல் கராஜிலிருந்து ஓசை வந்தது. டொக். டொக். எட்டிப் பார்த்தேன். சுவரில் பென்சிலால் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டுக்கொண்டே திருப்பிக்கொண்டிருந்தார்.

"நேர கவிழ்த்தால் சிக்கிறதில்லை மச்சான். சாஞ்சு கவிழ்ந்தால்தான். நான் நேர, ஒரேயடியாக் கவிழ்ப்பன்."

"காத்து உங்களை நேரா வைக்குமா?"

டொக். கோடு. நான் உள்ளே வந்து சோதனைத் தாளை எடுத்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. தட்டையான பெட்டியில் இருநூறுக்கு இருநூறு. என் கையெழுத்து, நாள், பட்டறை முத்திரை. பட்டறையில் சின்னப் பம்ப்பைக்கூட எஞ்சினில் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. இதை மட்டும் பெட்டியில் பார்த்து அனுப்பினேன். டேங்க்கின் புகைப்படத்தை ஒரு தடவை கேட்டிருந்தால் குழி தெரிந்திருக்கும். கேட்கவில்லை. வரைபடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். எழுபது வயது, கம்பளிச் சட்டை, அதன் இரண்டு முழங்கையிலும் தோல் ஒட்டு. சுமதியின் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே என் தாளைப் படித்தார். "இவ்வளவு ஒழுங்கான தாள் எனக்கு இந்த நாட்டில் வருவதில்லை" என்றார். நான் நன்றி சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

டேங்க்கை எடுத்துத் திருப்பினார். டொக். ஒரு பக்கம் சாய்த்தும் திருப்பினார். டொக். பத்து முறை. பத்தும் விழுந்தது. தலையசைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சுமதி என்னைப் பார்த்தாள். என் குறிப்பேடு சட்டைப் பையில் இருந்தது. அதில் இருநூற்றிருபத்தொன்று, ஒன்பது என்ற இரண்டு எண்களும் இருந்தன. பேனாவின் மூடி கழன்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் திருப்புங்கள்" என்றார் தவராசா ஆங்கிலத்தில்.

"எனக்குத் திருப்தி, ராஜ்."

"தயவுசெய்து. இன்னும்."

கிழவர் அவர் முகத்தைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் திருப்பத் தொடங்கினார். பதினைந்து. இருபது. கை வலித்து ஒரு தரம் நிறுத்தினார். இருபத்துமூன்றாவது முறை சாய்ந்து கவிழ்ந்தபோது கராஜில் ஓசை இல்லை. அவர் டேங்க்கைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். பிறகு மெதுவாக முக்காலியில் வைத்தார்.

"எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"செவ்வாயிலிருந்து."

"வருந்துகிறேன், ராஜ்" என்றார். பேனாவை மூடினார். மூடும்போது வந்த சின்னச் சத்தத்துக்கு சுமதி எழுந்து சமையலறைக்குப் போனாள். பழைய டேங்க்கோடு சாதாரணமாகப் பறக்கலாம், அறுபது பாகைக்குமேல் சாய்க்கக் கூடாது என்று கிழவர் எழுதிக்கொடுத்தார். வாசலில் தவராசாவின் தோளில் கை வைத்தார். மூன்று வாரம் கழித்து வருவதாகச் சொன்னார். மருத்துவர் சொன்னதை இவர் அவரிடம் சொல்லவில்லை.

அவர் போனபின் கராஜில் இருவரும் நின்றோம்.

"ஏன் மாப்பிள்ளை?"

"நீங்கள் சொல்லியிருப்பியள். நீங்கள் சொல்லி, அதால நான் பறக்காமல் விட்டால், சுமதி உங்களோட ஆயுசுக்கும் கதைக்கமாட்டாள். நான் சொன்னால் அந்தக் கரைச்சல் இல்லைத்தானே."

நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை. அவருக்கு அதைச் சொல்லவில்லை. தாளை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. லண்டனில் அந்த வாரம் கண்ட ஒரே நல்ல நாள். ஒரு மணி நேரம் வேனில் போனோம். சுமதி வரவில்லை, இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். ஓடுபாதை என்பது ஒரு புல்வெளி. வேலிக்கு அப்பால் ஆடுகள். விமானம் வெள்ளை நிறம், வயிற்றில் மட்டும் சிவப்புக் கட்டங்கள். தலைகீழாகப் பறக்கும்போது கீழே நிற்பவர்களுக்கு எது மேல் எது கீழ் என்று தெரிய அப்படிப் பூசுவார்களாம். குனிந்து பார்த்தால்தான் அது தெரிந்தது.

"கீழ நிண்டு பாக்க ஒண்டும் இல்லை. நீங்களும் ஏறுங்கோ மச்சான்" என்றார்.

பதினொன்று ஐந்துக்குத் தரை விட்டோம். எஞ்சின் சத்தம் என் பல்லில் கேட்டது. அவர் கைகள் எங்கள் பட்டறையில் பம்ப் கழற்றிய அதே கைகள்; ஒன்றும் வீணாக அசையவில்லை. இரண்டாயிரத்து எண்ணூறு அடியில் தென்மேற்கே லண்டன் ஒரு சாம்பல் கறையாகத் தெரிந்தது. காதுக்கருவியில் அவர் மூச்சு கேட்டது. சுற்றிலும் வேறு விமானம் இருக்கிறதா என்று இடமும் வலமும் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கவிழ்வதற்கு முன் செய்ய வேண்டியவை என்று எனக்கு ஞாயிறன்று அவர் சொல்லிக் கொடுத்த வரிசை அது. என் வார்ப்பட்டையை எட்டி இழுத்து இறுக்கினார். தம்முடையதையும் இறுக்கினார்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

விமானம் இடது பக்கம் சாய்ந்தது. இருபது பாகை. நாற்பது. அடிவானம் கண்ணாடியில் ஏணிபோல நிமிர்ந்தது. ஐம்பது. சாய்வு காட்டும் கருவியில் அறுபது என்ற கோட்டில் முள் வந்து நின்றது. அதற்குமேல் மயிரிழை அசையவில்லை. அப்படியே வட்டமிட்டோம். இடது இறக்கைக்கு நேர் கீழே ஆடுகள் வெள்ளைப் புள்ளிகளாகச் சுற்றின. தலைகீழாகப் பறந்தால் உடம்பு இருக்கையை விட்டு மிதக்கும் என்று சொல்லியிருந்தார். இங்கே நேர்மாறு. அறுபது பாகை வட்டத்தில் எடை இரண்டு மடங்கு. என் தாடை இறங்கியது. மடியில் இருந்த குறிப்பேட்டைத் தூக்க முடியவில்லை. அவர் கன்னம் கிழவரின் கன்னம்போலத் தொங்கியது.

ஒரு முழு வட்டம். இரண்டாவது வட்டம்.

"இவ்வளவுதான் மச்சான்" என்றார்.

நிமிர்த்தினார். பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் சக்கரம் புல்லைத் தொட்டது. எஞ்சினை அணைத்தபின் கூடக் கீழே இறங்காமல் இருந்தார். அளவுகோலில் கால் டேங்க் பெட்ரோல் மிச்சம் காட்டியது.

"வடிச்சு கேன்ல எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். கேனை வேனில் பார்த்திருந்தேன்.

"கிடக்கட்டும்" என்றார்.